குமிழி இல்லாத பாட்டில்

தங்கை ஜெயித்தவை என்று அக்கா சொல்வது இவற்றைத்தான். யாராவது நடுவில் வாயைக் கொடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள் என்பதால் கேட்பவர்கள் சும்மா இருந்துவிடுவார்கள்.

குறைமாதத்தில் பிறந்து, "இது தங்காது, தாயைக் கவனிங்க" என்று மருத்துவச்சி சாக்கின் மேல் ஒதுக்கிப் போட்ட உயிரைத் தானாகவே அழுது தக்கவைத்துக்கொண்டாள். வெறிநாய் கடித்துத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டபோது, போட்டவரின் கையைக் கடித்தாளே தவிர அழவில்லை. கல்யாணமான புதிதில் கை நீட்டிப் பழகிய புருஷன், ஒருநாள் அவள் கொதிக்கிற பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் அவனையே பார்த்தபடி நின்ற பிறகு, எல்லாவற்றையும் வாயோடு நிறுத்திக்கொண்டான். பொம்பளைகள் குந்தி உட்கார்ந்துதான் வேலை செய்ய வேண்டும் என்றிருந்த நத்தை அறையில் தனக்கென்று ஒரு ஸ்டூல் வாங்கினாள். நாற்றம் வெளியே போகச் சுவரில் ஓட்டை போட்டுக் காற்றாடி மாட்டவைத்தாள். "ஏய்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஜீப் டிரைவரை "அம்மா" என்று கூப்பிடவைத்தாள். அதற்காக அவள் ரொம்பவெல்லாம் மெனக்கெடவில்லை. அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, சோற்றின் மேல் கொழுத்த நத்தை ஒன்று கொம்பை நீட்டி அவனைப் பார்க்கும்படி ஏற்பாடு செய்தாள், அவ்வளவுதான்.

நிரந்தர வேலையை மட்டும் ஜெயிக்கவில்லை. அது வாசல்படி வரை வந்து திரும்பிப் போனது. எப்படிப் போனது என்பதை அக்கா ஒன்று விடாமல் சொல்வாள்.

மலையடிவாரத்தில் இருந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு முகம் ஒன்று, முதுகு ஒன்று. முகம் ரோட்டைப் பார்த்தது: வழவழவென்ற தரை, கண்ணாடி பீரோக்கள், தாழ்ந்த குரலில் பேசுகிறவர்கள். முதுகுப் பக்கம் தகரக் கூரை போட்ட நீளமான அறை. உள்ளே இரண்டு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு கல் தொட்டி, ஒரு குழாய். காகிதத்தில் அந்த அறைக்கு ஏதோ பெரிய பெயர் இருந்தது. எல்லோரும் சொன்னது நத்தை அறை.

அந்த மலையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் நத்தைக்கு வராது. பாறையில் ஒரு வகை, மரப்பட்டையில் ஒரு வகை, மக்கிய இலைக்கு அடியில் குண்டூசித் தலை அளவில் ஒரு வகை, ஓடைக் கூழாங்கல்லில் ஒரு வகை. நீளமாகக் கூம்பியிருப்பதற்கு அறையில் திருகாணி என்று பெயர். தட்டையாக இருப்பது பொட்டு. ஒரு முகட்டில் இருப்பது அடுத்த முகட்டில் இருக்காது. நடுவில் இருக்கிற பள்ளம் வெயில் காய்வது, நத்தையால் அதைத் தாண்ட முடியாது. அதனால் ஒவ்வொரு முகடும் தனக்கென்று ஒன்றை வளர்த்து வைத்திருந்தது. "உலகத்துல வேற எங்கயும் இல்லாதது" என்று பெரிய ஐயா சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். நிலையத்துக்குத் தலைவர் அவர்தான். தழுதழுத்து முடித்ததும் அதையெல்லாம் துணிப்பையில் கட்டி நத்தை அறைக்கு அனுப்பிவைப்பார், கொல்வதற்கு.

அந்தக் கொல்வதுதான் தங்கையின் வேலை.

ஓடு மட்டும் போதும் என்றால் சுலபம். சல்லடைக் கரண்டியோடு கொதிதண்ணீரில் இறக்க வேண்டும். சின்னதாக ஒரு சீறல் கேட்கும், அது அடங்கியதும் தூக்கிவிட வேண்டும். பிறகு வளைத்த ஊக்கை உள்ளே விட்டு, ஓடு எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறதோ அந்தப் பக்கமாகவே திருகிச் சதையை இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் வால் நுனி உள்ளேயே அறுந்துபோகும். பீரோவுக்குப் போன பிறகு அழுகி நாறி, யார் உருவினார்கள் என்று விசாரணை வரும்.

உடம்போடு வேண்டும் என்றால்தான் பாடு. உயிரோடு ஸ்பிரிட்டில் போட்டால் நத்தை சுருண்டு ஓட்டுக்குள் போய்விடும், அது பீரோவுக்கு ஆகாது. அதனால் மூழ்கடிக்க வேண்டும். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு மூடி ஆறவைத்தால் அதில் இருக்கிற காற்றெல்லாம் போய்விடும். அந்தத் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி, நத்தையை விட்டு, விரலால் தட்டித் தட்டிக் குமிழிகளை மேலே ஏற்றி, தண்ணீர் வழிய வழிய மூடியைத் திருக வேண்டும். கடுகளவு குமிழி உள்ளே தங்கினாலும் நத்தை தேடிக் கண்டுபிடித்து அதை வைத்தே பிழைத்துக்கொள்ளும். குமிழி இல்லாவிட்டால், கொம்பை நீட்டி, கழுத்தை நீட்டி, உடம்பு முழுவதையும் ஓட்டை விட்டு வெளியே நீட்டி, காற்றைத் தேடித் தேடி அப்படியே செத்துப்போகும். பெரிய ஐயா கேட்பது அந்த நீட்டலைத்தான்.

அந்த அறையில் எத்தனையோ பேர் வந்து வேலை பார்த்துப் போயிருக்கிறார்கள். எல்லோர் பாட்டிலிலும் ஏதாவது ஒரு மூலையில் ஒரு வெள்ளைப் பொட்டு நிற்கும். தங்கை மூடிய பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தாலும் ஒன்றும் தெரியாது. அக்கா தையல்காரி. தையல் ஒரு நூல் விலகினால் ரவிக்கை முழுவதையும் பிரித்துப்போடுகிறவள். தங்கையின் வேலையை நினைத்தாலே அவளுக்குக் குமட்டும். ஆனால் அந்த மூடியைப் பற்றிப் பேசும்போது, தானே திருகியது போல விரல்களைத் திருகிக் காட்டுவாள்.

தங்கைக்குத் தினக்கூலி. நத்தை மழையில்தான் வெளியே வரும். வெயில் ஏறிவிட்டால் ஓட்டு வாயில் பசையைப் பூசி அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். நத்தை தூங்கினால் கூலி இல்லை. மூட்டை தூக்கி இடுப்பு போன புருஷனும், பள்ளிக்கூடம் போகிற மகளும் வாயை அடைத்துக்கொண்டு தூங்க முடியாதே. கோடை முழுக்கத் தங்கை, அதே வீட்டில் இருந்த அக்காவின் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைப்பாள். நிரந்தரம் ஆகிவிட்டால் கோடையிலும் சம்பளம் வரும், புருஷனின் இடுப்புக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கும். பத்து வருஷமாக அக்காவும் தங்கையும் அந்த ஒரு சொல்லைத்தான் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் மிளகு வந்தது. கறுப்பாக, உருண்டையாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு தண்ணீர் நத்தை. மலைக்கு மேலே ஒரே ஒரு ஊற்றில் மட்டும் இருந்தது. அந்த ஊற்றைச் சுற்றி சிமெண்டுத் தொட்டி கட்டி, குழாய் போட்டு, தண்ணீரைக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். கட்டுவதற்கு முந்தின வாரம் பெரிய ஐயா ஆட்களோடு போய், இருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் அள்ளிக்கொண்டு வந்தார். இனி அந்த இடத்தில் தேடினால் சிமெண்டுதான் கிடைக்கும். இந்தத் தடவை கொல்லக் கூடாது, வளர்க்க வேண்டும் என்று சொல்லி, வாளியைத் தங்கையிடம் கொடுத்தார். மழையென்றும் விடுமுறையென்றும் பாராமல் வருகிறவள் அவள் ஒருத்திதான்.

"கசாப்புக்கடையில கன்னுக்குட்டியை வளர்க்கக் கொடுத்திருக்காங்க" என்று ஜீப் டிரைவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. நத்தை அறை அவர் பொறுப்பு. அவர் தங்கையைத் தனியாகக் கூப்பிட்டு, மழை முடிகிறதற்குள் மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வருகிறார், அவர் வரும்போது இது உயிரோடு இருந்தால் நிரந்தர ஆர்டர் உனக்குத்தான் என்றார். இல்லாவிட்டால் என்ன என்று அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார். "இல்லாட்டி வாசலைத் தாண்டி உள்ள வராத."

மிளகுக்கு ஓட்டு வாயில் மூடி கிடையாது. நீர்மட்டத்துக்கு ஏறி வந்து ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு மறுபடி கீழே போகும். அதனால் கண்ணாடித் தொட்டியில் மேலே ஒரு சாண் இடம் விட்டுத் தண்ணீர் ஊற்றினாள். குழாய்த் தண்ணீரில் மருந்து இருக்கிறதென்று ஓடைத் தண்ணீரைத் தூக்கி வந்தாள். தவிட்டு நிறத்தில் குஞ்சுகள் வந்தன. உயிரோடு இருக்கிற நத்தையை அவள் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து, இன்றைக்கு எது ஏறி வந்தது, எது இறங்கிப் போனது என்று அக்காவிடம் கதை கதையாகச் சொல்வாள். பெற்ற மகளைப் பற்றிக்கூட அவ்வளவு சொன்னதில்லை என்று அக்கா இடித்துக் காட்டுவாள்.

நிலையத்தைக் கூட்டிப் பெருக்குகிறவளுக்கும் தங்கைக்கும் ஆகாது. அவளுடைய வாய்க்காக எல்லோரும் அவளைப் பட்டாசு என்றே கூப்பிட்டார்கள். அவள் புழுதி கிளப்புகிறாள் என்று தங்கை சண்டைக்குப் போவாள். தங்கை கொட்டும் நத்தைச் சதையில் ஈ மொய்க்கிறது என்று பட்டாசு சண்டைக்கு வருவாள். பட்டாசு குழாயைத் திறந்தால் சரியாக மூடமாட்டாள், ராத்திரியெல்லாம் சொட்டும். அதற்கு ஒரு தனிச் சண்டை. அறைக்கு இரண்டு சாவி. ஒன்று தங்கையிடம், ஒன்று பட்டாசிடம்.

நிரந்தர ஆள் கைநாட்டு வைத்தால் அலுவலகத்துக்குக் கௌரவக் குறைச்சல் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். தங்கை பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். ஐந்தாவது வரை படித்த அக்காதான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தாள். அளவு வெட்டுகிற பழுப்புக் காகிதத்தில் தையல் சாக்பீசால் பெயரை எழுதி, அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போகச் சொன்னாள். கால் வளைவு, கழுத்து வளைவு, கை வளைவு என்று ரவிக்கை கணக்கில் சொன்னதும் தங்கைக்குப் பிடிபட்டது. ஆனாலும் பெயர் பாதியிலேயே கோட்டை விட்டு மலையேறிப் போய்விடும். கட்டிலில் படுத்தபடி புருஷன், எருமைக்கு ஏரோப்ளேன் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்றான். "ஓட்டக் கத்துக்கிட்டா முதல்ல உன் மேலதான் இறக்குவேன், நகராம படு" என்றாள் தங்கை, காகிதத்திலிருந்து தலையை எடுக்காமல்.

அதிகாரி திங்கட்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. சனிக்கிழமை சூப்பர்வைசர் அறைக்குள் வந்து, கண்ணாடித் தொட்டியில் பாசி படிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, முகம் தெரிகிற மாதிரி தேய்த்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் மலையிலிருந்து இரண்டு மூட்டை திருகாணி வந்திருந்தது. எல்லாம் உடம்போடு வேண்டுமாம். காலையிலிருந்து தங்கை மூழ்கடித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை எடுப்பது, ஆறின தண்ணீரை விளிம்பு வரை ஊற்றுவது, நத்தையை விடுவது, தட்டுவது, திருகுவது, அலமாரியில் ஏற்றுவது. கை சூடு பிடித்திருந்தது. மனசு வேறெங்கோ இருந்தது. திங்கட்கிழமை போடப்போகிற கையெழுத்தை உள்ளுக்குள் எழுதிக்கொண்டிருந்தாள் என்று பிறகு அக்காவிடம் சொன்னாள்.

தொட்டியைக் காலி செய்ய வேண்டி வந்தபோது, மிளகுகளைக் குஞ்சு குட்டியோடு கரண்டியால் வழித்து எடுத்தாள். கீழே இரண்டு குடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் ஓடைத் தண்ணீர், இன்னொன்றில் ஆறின தண்ணீர். கை பழகிய குடத்துக்குப் போனது. பழகிய மாதிரியே விளிம்பு வரை ஊற்றியது, தட்டியது, வழிய வழியத் திருகியது, மற்ற பாட்டில்களோடு அலமாரியில் ஏற்றியது. தொட்டியை மணல் போட்டுத் தேய்த்து, பாசி வேர் சாகட்டும் என்று வெயிலில் கவிழ்த்தாள். நாளைக் காலையில் வந்து மிளகைத் திரும்ப விடலாம் என்று பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா இயந்திரத்தில் உட்கார்ந்து, தங்கை வேலையில் சேரும்போது உடுத்த வேண்டிய ரவிக்கைக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தாள். மிளகைத் தொட்டிக்கு மாற்றப் போயிருந்த தங்கை திரும்பி வந்தாள். காலில் செருப்பு இல்லை. துணி வெட்டும் பலகையில் போய் உட்கார்ந்தாள். அக்கா அதில் யாரையும் உட்காரவிடமாட்டாள். அன்றைக்கு விட்டுவிட்டாள்.

"மிளகு போச்சுக்கா."

"எத்தனை?"

"எல்லாம்."

"எப்படிடீ?"

"நீட்டிக்கிட்டு."

அக்காவுக்கு வேறெதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கால் மிதியிலிருந்து விலகியது, ஊசி துணிக்குள் குத்தியபடியே நின்றது. கட்டிலில் இருந்த புருஷன்தான் பேசினான். கொல்வதற்குக் கூலி வாங்கியவள் காப்பாற்றப் போனால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்தது இடுப்பில் இழுத்து, அவனே முனகிக்கொண்டு திரும்பிப் படுத்தான். இரண்டு பெண்களும் அவனைக் கவனிக்கவில்லை.

அக்கா யோசித்தாள். துணியை விரித்துப்போட்டு, எங்கே மடிப்பு விழும், எங்கே கத்தரி ஓடும் என்று பார்க்கிற மாதிரி யோசித்தாள்.

"பட்டாசுகிட்ட ஒரு சாவி இருக்கில்ல?" என்றாள்.

தங்கை பலகையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சனிக்கிழமை கடைசியாகக் கூட்டிப் பெருக்கிப் பூட்டுவது பட்டாசு. தொட்டி கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தானே கழுவுகிறேன் என்று அவள் கை வைத்திருக்கலாம். எந்தக் குடத்தில் எந்தத் தண்ணீர் என்று அவளுக்குத் தெரியாது. அவள் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள், அவளுக்காகப் பேசவும் ஆள் கிடையாது. தங்கை வாயைத் திறக்கக்கூட வேண்டாம், கேட்டால் தலையை ஆட்டினால் போதும். சொல்லி முடித்துவிட்டு, தங்கை எதிர்த்து ஒன்றும் பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, ரவிக்கையில் விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் அக்காவே கூடப் போனாள். வாசலில் சூப்பர்வைசரைப் பிடித்துத் தனியாக விஷயத்தைச் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. தொட்டியைத் தேய்க்கச் சொன்னது தான்தான் என்பது அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது. பட்டாசின் சாவியைப் பற்றி அக்கா சொன்னதும் ரத்தம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் அந்த யோசனையை அவர்தான் கண்டுபிடித்தார் என்பது மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார். தங்கை கண்ணால் பார்த்ததாக ஒரு தாளில் எழுதிவிடலாம், கீழே கைநாட்டு வாங்கிவிடலாம், அதிகாரி வருவதற்குள் பட்டாசை வெளியே அனுப்பிவிட்டு வந்தவரிடம் தாளைக் காட்டிவிடலாம் என்றார். "உன் தங்கச்சி ஆர்டருக்கு நான் பொறுப்பு" என்றும் சொன்னார். கையெழுத்து என்று அக்கா வாயெடுத்தபோது, அதெல்லாம் ஆர்டர் வரும்போது பார்க்கலாம், இதற்குக் கட்டைவிரல் போதும் என்றார்.

மத்தியானம் பெரிய ஐயாவின் அறையில் எல்லோரையும் நிற்கவைத்தார்கள். அவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முன்னால் அந்தப் பாட்டில். உள்ளே மிளகுகள், குஞ்சுகள் உட்பட, ஒவ்வொன்றும் ஓட்டை விட்டு முழு நீளத்துக்கு வெளியே வந்து, கொம்புகளை மூடியைப் பார்த்து நீட்டியபடி இருந்தன. பெரிய ஐயா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரம் பட்டாசு, எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் துடைப்பத்தோடு நின்றாள்.

படிக்கத் தெரியாதவளிடம் கைநாட்டு வாங்குவதால், தாளை உரக்கப் படித்துக் காட்ட அக்காவைக் கூப்பிட்டார்கள். அக்கா அதுவரை ஒரு அலுவலகத்தில் நின்று எதையும் படித்ததில்லை. திணறாமல் படித்தாள். சனிக்கிழமை மாலை பெருக்குகிறவள் தன் சாவியால் திறந்து, யாரும் சொல்லாமல் தொட்டியைக் காலி செய்து, நத்தைகளைத் தவறான தண்ணீரில் போட்டு மூடியதைத் தான் பார்த்ததாக அதில் எழுதியிருந்தது.

பட்டாசின் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. அவளை அப்படி யாரும் பார்த்ததில்லை. துடைப்பத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு மெதுவாக, சனிக்கிழமை தனக்குக் காய்ச்சல், வெளி வாசலோடு பெருக்கிவிட்டுப் போய்விட்டேன் என்றாள். "உன்னைக் கேட்டாங்களா? வாயை மூடு" என்றார் சூப்பர்வைசர். மைப்பெட்டியைத் திறந்து தங்கையின் பக்கம் தள்ளினார்.

தங்கை மைப்பெட்டியைப் பார்க்கவில்லை. பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, அதைக் கவிழ்த்துப் பாருங்க" என்றாள்.

பெரிய ஐயா கவிழ்த்தார். தண்ணீர் நகரவில்லை. நத்தைகள் மெதுவாக ஆடி நின்றன.

"ஒரு குமிழி இருக்கா?"

அக்கா பக்கத்தில் நகர்ந்து தங்கையின் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

"இவ மூடினா இப்படி இருக்குமா? இவளுக்குக் குழாயையே ஒழுங்கா மூடத் தெரியாது." தங்கை பட்டாசை முகவாயால் காட்டினாள். அந்த நேரத்திலும் அவள் குரலில் பழைய சண்டையின் சூடு இருந்தது. "இது நான் மூடினது."

சூப்பர்வைசர் குறுக்கே விழுந்து, இவளுக்கு பயத்தில் மூளை குழம்பிவிட்டது என்றார். பெரிய ஐயா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார். அவர் குரல் வழக்கம்போலத் தழுதழுத்தது.

"உலகத்துலயே வேற எங்கயும் இல்லாத ஒண்ணைக் கொன்னிருக்கே. புரியுதா உனக்கு?"

"பத்து வருஷமா அதைத்தானே ஐயா செய்யறேன்."

"நாங்க சொல்லிச் செஞ்சா அது வேலை" என்றார் அவர். "சொல்லாம செஞ்சா கொலை. வெளிய போயிடு." சூப்பர்வைசரிடம் வேறு தாள் எழுதச் சொல்லிவிட்டு மறுபடி பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

புதுத் தாளில் கவனக்குறைவு, முழுப் பொறுப்பு, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்றெல்லாம் இருந்தது. அதையும் அக்காதான் படித்தாள். இந்தத் தடவை திணறினாள். தங்கை மையில் விரலை ஒற்றித் தாளில் அழுத்தினாள். கறுப்பாக ஒரு கறை விழுந்தது, ரேகை ஒன்றுகூட இல்லை. கொதிதண்ணீரும் நத்தைப் பசையும் சலவை சோடாவும் சேர்ந்து கட்டைவிரலைக் கூழாங்கல் மாதிரி ஆக்கியிருந்தன. இடதுகை விரலும் அப்படியே. சூப்பர்வைசர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நாய் மிதித்த மாதிரி இருக்கிறது, இது எதற்கு ஆகும் என்றார்.

"பேனா கொடுங்க" என்றாள் தங்கை.

மேஜை ஓரத்தில் குனிந்து எழுத ஆரம்பித்தாள். நாக்கு நுனி பற்களுக்கு நடுவே வந்து நின்றது. கால் வளைவு, கழுத்து வளைவு, கை வளைவு. பெரிய ஐயா ஒருதரம் கடிகாரத்தைப் பார்த்தார். நிரந்தர ஆள் என்ற நினைப்பில் அம்மா கையெழுத்துப் போடுகிறார்கள் என்று சூப்பர்வைசர் சுவரைப் பார்த்துச் சொன்னார். அக்காவுக்குத் தங்கையின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும் போலிருந்தது. வீட்டில் இருக்கிற ரவிக்கை ஞாபகம் வந்தது, அடுத்த கோடை ஞாபகம் வந்தது. ஆனாலும் அவள் கண் பேனா நுனியை விட்டு நகரவில்லை. பெயர் மலையேறவில்லை. முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை கோட்டின் மேலேயே போய் நின்றது. நூல் பிசகவில்லை.

அதிகாரி சாயங்காலம் வந்தார். அதற்குள் பெரிய ஐயா தன் கையாலேயே மிளகுகளை ஸ்பிரிட்டுக்கு மாற்றி, முன் மண்டபத்துக் கண்ணாடி பீரோவில், பின்னால் விளக்கு எரிகிற தட்டில் வைத்துவிட்டார். அந்த நிலையத்தின் சரித்திரத்திலேயே அவ்வளவு அழகாக நீண்ட நத்தை கிடையாதாம். அதிகாரி அந்தத் தட்டுக்கு முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றார் என்று ஜீப் டிரைவர் பிறகு வந்து சொன்னான். பெயர்ச்சீட்டில் பெரிய ஐயாவின் பெயர் இருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் இப்போது நனைந்த குடைகளைப் போடுகிறார்கள்.

அடுத்த மழைக்கு நத்தை அறை ஸ்டூலில் பட்டாசு உட்கார்ந்தாள், அதற்கடுத்த மழைக்கு நிரந்தரமும் ஆனாள். கடைத்தெருவில் பார்த்தபோது அக்கா அவளை நிறுத்தி, என் தங்கையால்தானே நீ பிழைத்தாய், ஒரு நாளாவது வந்து ஒரு வார்த்தை சொன்னாயா என்று கேட்டாள்.

"செஞ்சவ கையெழுத்துப் போட்டா. செய்யாதவ வேலைக்கு வந்தேன்" என்றாள் பட்டாசு. "இதுல நான் எதுக்குக் கும்பிடணும்?" கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தாள். "எனக்குப் பாட்டில்ல குமிழி நிக்குது. எப்படித் தட்டறதுன்னு அவளைக் கேட்டுச் சொல்றியா?"

அக்கா வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னாள். தங்கை பொத்தானுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடித்து, முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்துவிட்டு, "அவளுக்கு வராது" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை. சொல்லித்தரப் போகவும் இல்லை.

பிறகு தங்கை எத்தனையோ இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி கூரை ஓடு செய்கிற தொழிற்சாலைக்கு அனுப்பியபோது போட்டாள். புருஷனை அரசாங்க ஆஸ்பத்திரியில் தரையில் படுக்கவைத்துச் சேர்த்தபோது போட்டாள், அவனை அங்கிருந்து துணி சுற்றி வாங்கியபோதும் போட்டாள். ஒரு இடத்திலும் மைப்பெட்டியைத் தன் பக்கம் தள்ளவிட்டதில்லை. அவளுக்கு எழுதத் தெரியுமா என்று யாராவது கேட்டால், எழுதத் தெரியாது, பெயர் போடத் தெரியும் என்று அக்கா திருத்துவாள். எப்போதிலிருந்து என்று கேட்டால் யோசிக்கவே மாட்டாள். 1995, ஜூலை 17, திங்கட்கிழமை.